800 கிலோமீற்றர் பயணம்: காரின் முன்பக்கத்துக்கு ஸ்டிக்கரா, டேப்பா, சும்மா விடுவதா?

கல்லடி வண்டிக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த வெள்ளி விடியற்காலை குடும்பத்தோடு ஒரு பெரிய சுற்றுப் போகிறோம். வாழைச்சேனை, மன்னம்பிட்டி, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை வழியாகக் குருநாகல், அங்கே அதிவேக வீதியில் ஏறி மீரிகம, கொழும்பில் இரண்டு நாள். பிறகு தெற்கு அதிவேக வீதியால் காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை. அம்மாவுக்குக் கதிர்காமத்தில் ஒரு நேர்த்தி இருக்கிறது, அதை முடித்துக்கொண்டு மொனராகலை, சியம்பலாண்டுவை, அம்பாறை என்று வீடு. எப்படியும் 800 கிலோமீற்றர் வரும்.

2020 மார்ச்சில் இறக்குமதி நின்ற நாளிலிருந்து காத்திருந்து, 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்தபிறகு எடுத்த ஜப்பான் கார் இது. மனைவியின் நகை பாதி அதற்குள் இருக்கிறது. பொனட்டில் இன்னும் கல் பட்ட புள்ளி ஒன்றுகூட இல்லை. முன்பக்கம் முழுக்க அந்தத் தெளிவான பாதுகாப்பு ஸ்டிக்கர், அதுதான் பிபிஎஃப், ஒட்டிவிட்டுப் போ என்று மச்சான் சொல்கிறான். கேட்ட விலை என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். இன்னொருவர் மாஸ்கிங் டேப் போதும் என்கிறார். பொனட்டின் முன்பக்கத்துக்கு லெதர் உறை மாட்டலாம் என்றும் ஒருவர். இந்தப் பாதையில் ஓடியவர்கள் சொல்லுங்கள், உண்மையில் எது தேவை?

சம்மாந்துறைக் காக்கா

தம்பி, காசை மிச்சம் பிடியுங்கள். 14 வருடமாகக் கொழும்பு ஹயர் ஓடுகிறேன், கிழமைக்கு இரண்டு தரம். எந்த ஸ்டிக்கரும் ஒட்டியதில்லை.

கல் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். முன்னால் போகிற டிப்பரின் பின்பக்கம் இரட்டை டயர். இரண்டுக்கும் நடுவில் சிக்கிய கல் ஓட்டத்தில் கழன்று மேலே எழும்பும். அநேகமாக அது அந்தரத்தில் நிற்கிற மாதிரித்தான், நீங்கள்தான் 80இல் போய் அதில் மோதுகிறீர்கள். இடைவெளி விட்டால் கல் உங்களிடம் வருவதற்குள் நிலத்தில் விழுந்துவிடும். முன்வண்டி ஒரு மின்கம்பத்தைக் கடந்ததும் எண்ணத் தொடங்குங்கள், நீங்கள் அந்தக் கம்பத்துக்கு வர மூன்று வினாடி ஆக வேண்டும். 70இல் போனால் அது 58 மீற்றர், அதிவேக வீதியில் 100இல் போனால் 83 மீற்றர். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

வெலிக்கந்தை, மன்னம்பிட்டிப் பக்கம் மகாவலி மணல் ஏற்றிய டிப்பர்கள் வரிசையாக வரும். அவற்றின் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறவர்களின் கார்தான் கராஜுக்கு வருகிறது.

அக்கரைப்பற்று டிங்கர்

காக்கா சொல்வது பாதி சரி. ஆனால் ஹபரணை வரைக்கும் அது போக ஒன்று, வர ஒன்று என்று இருக்கிற ரோடு. எதிரே வருகிற லொறி தெறிக்கிற கல்லுக்கு எப்படி இடைவெளி விடுவது? உங்களை முந்திக்கொண்டு வந்து மூக்குக்கு முன்னால் செருகுகிற பஸ்ஸிடம் மூன்று வினாடி கேட்க முடியுமா?

22 வருடமாகப் பெயின்ட் அடிக்கிறேன். கல் பட்ட இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். குழியின் நடுவில் சாம்பல் நிறம் தெரிந்தால் பிரைமரோடு, அதாவது அடிப்பூச்சோடு, நின்றிருக்கிறது, தப்பினீர்கள். வெள்ளி மாதிரி மினுங்கினால் தகடு திறந்துவிட்டது. மலைநாட்டில் அது மெல்லத்தான் துருப்பிடிக்கும். நீங்கள் கல்லடி, ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. உப்புக் காற்றில் கொஞ்ச நாளிலேயே அந்தப் புள்ளியிலிருந்து தேயிலைச் சாயம் மாதிரி ஒரு கோடு வழியும். அப்புறம் சுற்றியிருக்கிற பெயின்ட் கொப்புளமாக எழும்பும். அந்த நிலையில் என்னிடம் கொண்டுவந்தால் பொனட் முழுக்க உரசித்தான் அடிக்க வேண்டும், கம்பனிப் பெயின்ட் போனது போனதுதான்.

அதனால் என் கருத்து: முழு முன்பக்கமும் வேண்டாம், பொனட்டின் முன் விளிம்பில் ஒன்றரை அடி அகலத்துக்கு மட்டும் ஒட்டுங்கள். பம்பர் பிளாஸ்டிக், அது துருப்பிடிக்காது. புள்ளி விழுந்தால் விழட்டும், பிறகு ஆறுதலாக அடிக்கலாம்.

ஆரையம்பதி மைந்தன்

ஒரே ஒரு பயணத்துக்கு எதற்கு அவ்வளவு செலவு? நான் போன வருடம் யாழ்ப்பாணம் போகும்போது பொனட் விளிம்பு, ஹெட்லைட்டைச் சுற்றி, கண்ணாடிக் காதுகள் எல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டினேன். பார்க்க அசிங்கமாக இருந்தது, உண்மைதான். ஆனால் போய்ச் சேர்ந்து உரித்தபோது டேப்பில் ஏழெட்டு இடத்தில் கிழிசல், அடியில் பெயின்ட் அப்படியே. மூன்று சுருள் டேப்பின் காசு எவ்வளவு, ஸ்டிக்கரின் காசு எவ்வளவு?

அக்கரைப்பற்று டிங்கர்

மைந்தன், நீங்கள் அன்றைக்கே உரித்தீர்கள், அதனால் தப்பினீர்கள். கல்லடித் தம்பி ஐந்தாறு நாள் வெயிலில் ஓடப்போகிறார். இந்த ஆவணி வெயிலில் பொனட்டில் கை வைக்க முடியாது, பசை வெந்து பெயின்டோடு ஒட்டிவிடும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒருவர் பெட்டி ஒட்டுகிற பிரவுன் டேப்பை ஒட்டிக்கொண்டு கண்டி, நுவரெலியா எல்லாம் சுற்றி ஐந்தாம் நாள் என்னிடம் வந்தார். முன்பு ஒருதரம் மறுபெயின்ட் அடித்த பொனட் அது. ஒரு மூலையைப் பிடித்து மெதுவாகத்தான் இழுத்தேன், கிளியர் கோட், அதுதான் மேலே இருக்கிற தெளிவான பூச்சு, வெங்காயத் தோல் மாதிரி டேப்போடு சேர்ந்து எழும்பியது. ஹெயார் டிரையரால் சூடு காட்டி, மண்ணெண்ணெய் தொட்டு, அரை நாள் மினக்கெட்டும் மூன்று இடத்தில் போய்விட்டது. அவர் அழாத குறை.

ஒட்டத்தான் வேண்டுமென்றால் பெயின்டர்கள் பாவிக்கிற நீல டேப்பை ஒட்டுங்கள், ஒவ்வொரு இரவும் உரித்துவிடுங்கள். கதிர்காமத்தில் களைத்துப் போய் இறங்கி இரவு 10 மணிக்கு யார் அதைச் செய்வார்கள்?

களுவாஞ்சிக்குடி டீச்சர்

நீங்கள் எல்லாரும் கல்லையே பேசுகிறீர்கள். இப்போது சிறுபோக அறுவடை நேரம், இந்தப் பயணத்தில் அதிகம் வரப்போவது பூச்சி. மாலை ஆறு மணிக்குப் பிறகு வயல் ஓரத்தால் ஓடிப் பாருங்கள், அறக்கொட்டியானும் விட்டிலும் ஹெட்லைட்டுக்கு மழை மாதிரி வந்து விழும். போன வருடம் அம்பாறையிலிருந்து வீட்டுக்கு வந்து சேரும்போது கண்ணாடியில் பார்க்க இடமில்லை. வைப்பரைப் போட்டேன், பச்சைக் கஞ்சியாக இழுபட்டு இன்னும் மோசமானது.

பூச்சி செத்து ஒட்டினால் அதன் நீர் பெயின்டை அரிக்கும். ஒரு நாள் வெயிலில் காய விட்டால் கழுவிய பிறகும் நிழல் மாதிரி ஒரு தழும்பு நிற்கும். அதனால் இரவு தங்குகிற இடத்தில் ஒரு பழைய துவாயை நனைத்து பொனட் விளிம்பிலும் பம்பரிலும் பத்து நிமிடம் போர்த்தி விடுங்கள். ஊறியதும் தானாக வழுக்கிக்கொண்டு வரும். காய்ந்ததைச் சுரண்டினால் கோடு விழும், பாத்திரம் தேய்க்கிற ஸ்பொன்ஜின் பச்சைப் பக்கத்தைத் தொடவே வேண்டாம். போவதற்கு முன் ஒரு தரம் வக்ஸ் பூசினால் இந்த வேலை பாதியாகும். தேங்காய் எண்ணெய் பூசச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், செய்யாதீர்கள், ரோட்டுத் தூசி அத்தனையும் அதில் ஒட்டி, பிறகு துணி போடும்போது உப்புத்தாள் மாதிரி உரசும்.

லெதர் உறையும் வேண்டாம் தம்பி. அதன் அடியில் மணல் போகும், 100இல் ஓடும்போது உறை படபடவென்று அடிக்கும், மழை பட்டால் ஈரம் உள்ளேயே நிற்கும். கல் செய்யாததை உறை செய்துவிடும்.

பொத்துவில் பிக்கப்

யாருமே புல் பாரைப் பற்றிச் சொல்லவில்லையே. எங்கள் பக்கம் இரவில் ரோட்டில் மாடு படுத்திருக்கும், லாகுகலைப் பக்கம் யானை நிற்கும். முன்பக்கத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் இரும்பு வேண்டும், பிளாஸ்டிக் பேப்பர் இல்லை. என் பிக்கப்பில் பார் இருந்தபடியால் ஒரு எருமை மோதியும் ரேடியேட்டர் தப்பியது.

சம்மாந்துறைக் காக்கா

மச்சான், உங்கள் பிக்கப் அடியில் தனி இரும்புச் சேசி உள்ள வண்டி, பார் அதைப் பிடித்து நிற்கும். தம்பியின் கார் வேறு. அதன் பம்பரும் அதற்குப் பின்னால் இருக்கிற பகுதியும் நசுங்கி அடியை வாங்குவதற்கென்றே செய்தவை. அங்கே இரும்பைப் பூட்டினால் அடி நேராக உள்ளே போகும், எயார் பேக் திறக்கிற கணக்கும் பிழைக்கலாம். குறுக்கே ஒரு பிள்ளை ஓடி வந்தால் அந்த இரும்பு என்ன செய்யும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

யானைக்கு எந்தப் பாரும் நிற்காது. மின்னேரியா, ஹபரணைப் பாதையையும், கதிர்காமம் புத்தள பாதையையும் பகலிலேயே தாண்டிவிடுங்கள். அந்தப் புத்தள பாதையில் யானைகள் சாப்பாட்டுக்காக ரோட்டில் மறித்து நிற்கும், பழம் கொடுக்க நிறுத்துகிறவர்களின் காருக்குள் தும்பிக்கையை விடும். கண்ணாடியை இறக்க வேண்டாம், ஒன்றும் கொடுக்க வேண்டாம்.

கல்லடி வண்டிக்காரன்

காக்கா, டீச்சர் அக்கா, எல்லாருக்கும் நன்றி. புல் பார் இல்லை, அது முடிவு. முன் லோகோவுக்குப் பின்னால் ராடார் இருப்பதாகப் புத்தகத்தில் போட்டிருக்கிறது, அதை மறைக்கவும் கூடாதாம். டிங்கர் அண்ணன், ஸ்டிக்கருக்குப் பதிலாக செரமிக் கோட்டிங் என்கிற திரவப் பூச்சைப் போட்டால் கல்லையும் தாங்கும், கழுவவும் லேசு என்று ஒரு கடையில் சொன்னார்கள். விலையும் பாதி. அது சரியா?

அக்கரைப்பற்று டிங்கர்

கழுவ லேசு, அது உண்மை. கல்லைத் தாங்கும் என்றது பொய். செரமிக் காய்ந்த பிறகு ஒன்று, இரண்டு மைக்ரோன் கனம். நல்ல பிபிஎஃப் 150 முதல் 200 மைக்ரோன். உங்கள் காரின் கம்பனிப் பெயின்டே எல்லாப் பூச்சும் சேர்த்து 100 சொச்சம்தான் வரும். கல்லின் அடியை வாங்க ரப்பர் மாதிரி அமுங்கிக் கொடுக்கிற ஒரு கனம் வேண்டும், செரமிக் கடினமான மெல்லிய தோல், அது கல்லோடு சேர்ந்து உடையும்.

அதிவேக வீதியில் இது இன்னும் முக்கியம். வேகம் 70இலிருந்து 100 ஆனால் அதே கல்லின் அடி இரண்டு மடங்காகும்.

சம்மாந்துறைக் காக்கா

நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்டிக்கர் ஒட்டிய கார்களை நானும் பார்த்திருக்கிறேன். இரண்டு வருடத்தில் மஞ்சளாகி, ஓரம் எழும்பி, அந்த ஓரத்தில் அழுக்குக் கோடு கட்டி, பார்க்கவே கவலை. அந்த அழுக்குக்கு ஒரு கல் புள்ளி எவ்வளவோ மேல். காரின் நிறத்தில் ஒரு சின்ன டச்சப் பெயின்ட் குப்பியும் தூரிகையும் வாங்கி டாஷ்போர்டில் வையுங்கள், புள்ளி விழுந்தால் அன்றைக்கே துடைத்து ஒரு சொட்டு வையுங்கள், துரு வராது.

அக்கரைப்பற்று டிங்கர்

காக்கா, மஞ்சளானது மலிவான வினைல். பிபிஎஃப் என்று சொல்லி அதைத்தான் பல இடத்தில் ஒட்டுகிறார்கள். கடையில் ஒரு வெட்டுத் துண்டைக் கேட்டு வாங்குங்கள். பித்தளை பிரஷ்ஷால் மெல்லக் கீறிவிட்டுச் சுடுநீர் ஊற்றுங்கள். உண்மையான பிபிஎஃப், அதாவது யூரித்தேன், என்றால் கோடு கண்முன்னே மறையும், வினைல் என்றால் அப்படியே நிற்கும். பிறகு இழுத்துப் பாருங்கள், நல்லது ரப்பர் மாதிரி நீண்டு திரும்பி வரும்.

ஓரத்தில் அழுக்குக் கோடு கட்டுவது உண்மை, அதை மறுக்க மாட்டேன். வெள்ளைக் காரில் பொனட்டின் குறுக்கே மெல்லிய கோடாகத் தெரியும். கழுவும்போது மென்மையான பிரஷ்ஷால் அந்த இடத்தைத் தேய்க்க வேண்டும். டச்சப் குப்பியும் நல்ல யோசனை, பம்பருக்கு அது போதும்.

இன்னொன்று. மறுபெயின்ட் அடித்த பொனட்டில் ஒட்டுகிறவர்கள் குறைந்தது ஒரு மாதம் காய விட்டே ஒட்ட வேண்டும், கழற்றும்போது பெயின்ட் வரலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தம்பியின் கார் கம்பனிப் பெயின்ட், பிரச்சினை இல்லை.

களுவாஞ்சிக்குடி டீச்சர்

கிரிலுக்குப் பின்னால் வலை போடுகிறீர்களா தம்பி? எங்கள் வீட்டுக்காரர் நுளம்பு வலையை மடித்துக் கட்டினார். மஹியங்கனை ஏற்றத்தில் சூட்டு முள் மேலே போய், ஏசி காற்று அனலாகி, பிள்ளைகளோடு ரோட்டோரத்தில் முக்கால் மணி நேரம் நின்றோம். பூச்சி அடைத்துக் காற்றே போகவில்லை. போடுவதென்றால் அரிசி மணி விழுந்து போகிற அளவு கண் உள்ள கம்பி வலை போடுங்கள், ஒவ்வொரு இரவும் தட்டி விடுங்கள். இல்லாவிட்டால் வலையே வேண்டாம், திரும்பி வந்ததும் ஏசி கண்டென்சரை லேசான தண்ணீரால் கழுவுங்கள். பிரஷர் கன் பிடித்தால் அந்த மெல்லிய தகடுகள் மடிந்துவிடும்.

அம்பாறைப் பக்கம் ரோட்டில் நெல்லும் வைக்கோலும் காயப் போட்டிருப்பார்கள். வைக்கோலுக்கு மேலால் ஏற்றாதீர்கள், அடியில் சைலன்சரில் சுற்றினால் நெருப்புப் பிடிக்கலாம்.

ஆரையம்பதி மைந்தன்

சரி, டேப் விசயத்தில் டிங்கர் அண்ணன் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், என் பயணம் ஒரு நாள்தான். முன் கண்ணாடியில் கல் பட்டால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. எனக்குக் கிளிநொச்சியில் பட்டது, ஐந்து ரூபாய்க் குற்றியை விடச் சின்னப் புள்ளி. உடனே தெளிவான செலோடேப் ஒரு துண்டை அதன்மேல் ஒட்டினேன், தூசியும் தண்ணீரும் போகாமல். ஏசியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பவில்லை, சூட்டுக் கண்ணாடியில் குளிர் பட்டால் கீறல் ஓடும். ஊருக்கு வந்து ரெசின் அடித்தேன், இன்று வரை ஓடவில்லை.

கல்லடி வண்டிக்காரன்

அது பெரிய உதவி. என் முடிவைச் சொல்கிறேன். பொனட் விளிம்புக்கு மட்டும் நல்ல ஸ்டிக்கர், ஒரு துண்டைக் கீறிப் பார்த்துவிட்டு. பம்பருக்கு டச்சப் குப்பி. வலை இல்லை, துவாய் இரண்டு. மனைவி மூன்று வினாடி எண்ணுகிற வேலையை இப்போதே எடுத்துக்கொண்டாள். டிங்கர் அண்ணன், எப்போது ஒட்டினால் சரி?

அக்கரைப்பற்று டிங்கர்

செவ்வாய்க்கிழமை கொண்டுவாருங்கள், வரும்போது கழுவிக்கொண்டு வாருங்கள். தார்ப் புள்ளி இருந்தால் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, சோப்புப் போட்டு எண்ணெய்ப் பசை போகக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டாது. வக்ஸ் பூச வேண்டாம், ஒட்டிய பிறகு மற்ற இடங்களுக்குப் பூசலாம். பக்கத்துக் கடைத் தம்பிதான் ஒட்டுவார், இரண்டு மணி நேரம். அடியில் சின்னத் தண்ணீர்க் குமிழ் தெரிந்தால் பயப்பட வேண்டாம், இரண்டு மூன்று நாள் வெயிலில் வற்றிவிடும். பயணம் போகும்வரை தண்ணீர் அடிக்காதீர்கள்.

சம்மாந்துறைக் காக்கா

ஒட்டுங்கள், உங்கள் காசு. ஆனால் வெள்ளிக்கிழமை மன்னம்பிட்டியில் மணல் டிப்பர் வரிசையாக நின்றால் முந்தப் பார்க்காதீர்கள். ஓரத்துக் கடையில் நிறுத்தி அம்மாவுக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுங்கள், பத்து நிமிடத்தில் வரிசை போய்விடும்.