பொருள்: ஃபிஃப்த்வீல் ஹிட்ச் – தமிழில் என்ன? (சனிக்குள் வேண்டும்)

செ.வ., ஹூஸ்டன்

குழுவினர்க்கு வணக்கம்.

டெக்சஸில் முகாம் வண்டி வாங்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக ஒரு சிறு கையேட்டைத் தமிழில் ஆக்கிக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். சில சொற்களில் வேலை நின்றுபோயிற்று.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். பெரிய இழுவண்டியின் மூக்கு பிக்கப்பின் பின்தொட்டிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். மூக்கின் அடியில் 2 அங்குல விட்டத்தில் ஓர் எஃகு ஆணி தொங்கும். அது கிங்பின். தொட்டிக்குள், பின் அச்சுக்கு நேர் மேலே, கால்களின்மேல் ஒரு தட்டு. தட்டின் நடுவே தாடை. பிக்கப்பைப் பின்னுக்கு எடுத்தால் ஆணி தாடைக்குள் போய் மாட்டிக்கொள்ளும். தட்டு, தாடை, கால் எல்லாம் சேர்ந்ததுதான் ஃபிஃப்த்வீல் ஹிட்ச்.

முதல் வரைவில் 'ஐந்தாம் சக்கர இணைப்பி' என்று போட்டேன். படித்துப் பார்த்தவர் "ஸ்டெப்னியை எங்கே மாட்டுவது என்று சொல்கிறீர்களா?" என்று கேட்டார். வேறு சொல் தாருங்கள். கிங்பின், பின்வெயிட் (ஆணிவழியாகப் பிக்கப்பில் இறங்கும் பாரம்), ஸ்லைடர் (தட்டு முன்பின் நகரும் வகை) மூன்றுக்கும் சேர்த்தே.

இரா.கு., மதுரை

அம்மா, உங்கள் நண்பர் கேட்டது நியாயம். நாலு சக்கர வண்டியில் ஐந்தாவது என்றால் நமக்கு மாற்றுச் சக்கரம்தான். ஆங்கிலத்தில் அந்தப் பெயர் குதிரைவண்டிக் காலத்தது. முன் அச்சு இடவலமாகத் திரும்ப, அச்சின்மேல் ஓர் இரும்பு வளையத்தைப் படுக்கைவசமாக வைத்தார்கள். அந்த வளையம் ஐந்தாவது சக்கரம். இன்றைய தட்டில் சக்கரமே இல்லை. அவர்களே மறந்துவிட்ட உவமையை நாம் ஏன் சுமக்கவேண்டும்?

கிங்பின்னுக்கு நம்மிடம் சொல் இருக்கிறது. பட்டினப்பாலையில் வணிகரைப் பற்றி 'நெடுநுகத்துப் பகல்போல நடுவுநின்ற நன்னெஞ்சினோர்' என்று வரும். பகல் என்றால் நுகத்தின் நடுவே இருக்கும் ஆணி, பகலாணி. இரு பக்கத்துக்கும் நடுவில் நின்று பாரத்தை வாங்கும் ஆணிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியிலும் கிடையாது. அச்சாணி என்று யாரும் கிளம்பவேண்டாம். அது சக்கரம் கழலாமல் அச்சு நுனியில் செருகுவது, வேலையே வேறு.

ஹிட்சுக்குப் 'பூட்டு' போதும். மாட்டை வண்டியில் பூட்டுகிறோம், ஏர் பூட்டுகிறோம். தட்டைத் தனியாகச் சுட்ட 'பூட்டுத்தட்டு'.

ம., சங்ககிரி

ஐயாவுக்கு வணக்கம். எங்க பட்டறைகளில் டிரெய்லர் லாரிக்குப் பேச்சு 'பிப்த்வீல்', 'கிங்பின்', அவ்வளவுதான். பகலாணி என்று சொன்னால் பையன் முழிப்பான்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கு. லாரியின் முன் அச்சில் சக்கரம் திரும்புற முளைக்கும் கிங்பின் என்றுதான் பேர். இரண்டும் வேறு. இதை பகலாணி என்றால் அதை என்ன செய்வது?

'பூட்டு' ஒத்துவராது என்று தோணுது. தாடை மூடினதும் கைப்பிடியில் ஒரு சின்னப் பூட்டு போடணும், யாரும் இழுத்துவிடாமல் இருக்க. அப்போ 'பூட்டைப் பூட்டியபின் பூட்டைப் பூட்டவும்' என்று எழுதுவீங்களா?

பின்வெயிட்டுக்கு மட்டும் ஒரு சொல் இருக்கு. மாட்டுவண்டியில் மூட்டை அடுக்கும்போது முன்பாரம், பின்பாரம் பார்ப்பாங்க. முன்னால் கூடினால் மாட்டுக் கழுத்தில் இறங்கும், பின்னால் கூடினால் நுகம் மேலே தூக்கும். இதுவும் அதேதானே?

வே., டாலஸ்

முன்பாரம்! இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். வாங்குபவர் முதலில் தப்புவது இந்த இடத்தில்தான், அதனால் சொல் பளிச்சென்று இருக்கவேண்டும்.

விளம்பரத்தில் பிக்கப் எத்தனை பவுண்டு இழுக்கும் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதை நம்பி ஃபிஃப்த்வீல் வாங்கக்கூடாது. இழுவண்டியின் மொத்த எடையில் 15 முதல் 25 சதவீதம் முன்பாரமாகத் தொட்டியில் இறங்கும். கணக்குக்கு 20 வைத்துக்கொள்ளுங்கள். 12,000 பவுண்டு வண்டிக்கு 2,400. ஸ்லைடர் ஹிட்சே சுமார் 200. ஆட்களும் பெட்டிகளும் 500. ஆக 3,100. ஓட்டுநர் கதவைத் திறந்தால் நிலையில் ஓர் ஒட்டி இருக்கும், ஆளும் சரக்கும் சேர்ந்து எவ்வளவு தாங்கும் என்று. முக்கால் டன் என்று வகைப்பெயர் சொல்லும் டீசல் பிக்கப்பில் அது 2,300 என்று இருப்பது அரிதல்ல. இழுக்கும் திறன் மிச்சம் இருக்கும்போதே சுமக்கும் திறன் தீர்ந்துவிடும். 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' குறளை அந்தப் பக்கத்தில் போட்டால்கூட நன்று.

அடுத்தது ஸ்லைடர். இதற்குச் சொல் தேடுவதற்குமுன் குட்டைத்தொட்டியில் என்ன கோளாறு என்று பார்க்கவேண்டும்.

நீளத்தொட்டி 8 அடி. குட்டைத்தொட்டி ஏறக்குறைய ஆறரை. அரை டன் வண்டிகளில் ஐந்தரையும் உண்டு. ஆணி பின் அச்சுக்கு மேலோ ஓர் அங்குலம் இரண்டு அங்குலம் முன்னாலோ இருக்கவேண்டும். பின்னுக்குத் தள்ளினால் முன் சக்கரத்தில் எடை குறைந்து ஸ்டியரிங் லேசாகிவிடும். ஆறரை அடித் தொட்டியில் அப்படி வைத்தால் ஆணிக்கும் கேபினுக்கும் நடுவே ஏறக்குறைய 40 அங்குலம்தான் கிடைக்கும். இழுவண்டியின் அகலம் 102 அங்குலம் என்றால் பாதி 51. வண்டியை 90 பாகை ஒடித்தால் அதன் பக்கச்சுவர் கேபினுக்குள் 11 அங்குலம் போகப் பார்க்கும். பின்கண்ணாடி முதலில் போகும்.

அதற்காகத்தான் தட்டு தண்டவாளத்தில் பின்னுக்கு நகரும் வகை. மாதிரியைப் பொறுத்து 10 முதல் 14 அங்குலம் நகரும். பாதி அகலத்தை மட்டும் பார்த்து 12 அங்குலம் போதும் என்று முடிவுகட்டாதீர்கள். மூக்கு ஆணிக்கு முன்னால் 12 அங்குலம் நீண்டிருந்தால், மூலைக்கும் ஆணிக்கும் இடைவெளி 51ஐயும் 12ஐயும் இரண்டு பக்கமாகக் கொண்ட செங்கோண முக்கோணத்தின் கர்ணம், 52.4. உங்களிடம் இருப்பது 40ம் 12ம் சேர்ந்து 52. காகிதத்திலேயே இடிக்கிறது. மேடுபள்ளத்தில் வண்டி சாய்ந்தால் இன்னும் குறையும். புது வண்டிகளில் மூக்கின் மூலையை உள்வாங்கி வார்க்கிறார்கள், அவற்றில் சிலவற்றுக்கு நகராத ஹிட்சே போதும். விற்பவர் வாக்கை விட்டுவிட்டு அளவுநாடாவை நம்புங்கள்.

இப்போது சொல். 'நழுவி' என்று மட்டும் வைக்காதீர்கள். நழுவுவது நம் கட்டுப்பாட்டை மீறி நடப்பது. இது நாம் நகர்த்துவது.

ச., ஸ்கார்பரோ

எல்லாருக்கும் வணக்கம். எங்கட பக்கம் கொளுவுதல் என்ற சொல் நாளாந்தம் புழங்குது. சட்டையைக் கொளுவு, பெட்டியை (ட்ரெய்லரை) ட்ரக்டரில கொளுவு. ஹிட்சுக்குக் 'கொளுவி' என்று வைத்தால் பூட்டுக் குழப்பமும் வராது, சக்கரக் குழப்பமும் வராது. வினையும் பெயரும் ஒரே வேரில நிற்கும்: கொளுவியில் கொளுவவும்.

ஸ்லைடருக்கு 'நகர்கொளுவி'.

இரா.கு., மதுரை

கொளுவி நல்ல சொல்தான், ஐயமில்லை. 'கொள்' வேரிலிருந்து கொளு, கொளுவு, கொளுக்கி, கொக்கி என்று ஒரு குடும்பமே வரும். ஆனால் கொளுவுவது தொங்கவிடுவது. இங்கே இழுவண்டி தட்டின்மேல் உட்காருகிறது. பாரம் மேலிருந்து கீழே. தாங்குவதையும் சொல்லவேண்டாமா? அப்படியானால் 'ஏந்துதட்டு'. வினைத்தொகை, ஆகவே வல்லினம் மிகாது. தயவுசெய்து 'ஏந்துத்தட்டு' என்று அச்சடித்துவிடாதீர்கள். என் பூட்டுத்தட்டில் மிகும், ஏனெனில் அங்கே பூட்டு என்பது பெயர், வன்தொடர்க் குற்றியலுகரம். அதையே வினையாகக் கொண்டால் பூட்டுதட்டு. இரண்டுக்கும் பொருள் வேறு.

ஸ்டெப்னி பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அது வேல்சில் லனெலி ஊரின் ஸ்டெப்னி தெருப் பெயர். அங்கே 1904இல் மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். நம்மிடமோ புறநானூறு 102இல் உப்பு வணிகரான உமணர் வண்டியின் அடியில் கட்டிவைத்த 'சேம அச்சு', அதாவது மாற்று அச்சு, இருக்கிறது. ஸ்டெப்னியைச் 'சேமச் சக்கரம்' என்று என்றோ சொல்லியிருக்கவேண்டும்.

ம., சங்ககிரி

ஐயா, சேமச் சக்கரத்தைப் பிறகு பார்க்கலாம். கையேட்டில் மாட்டும் முறை சரியா வந்திருக்கா என்பதுதான் எனக்குக் கவலை. சொல் தப்பாப் போனால் சிரிப்பாங்க, முறை தப்பாப் போனால் வண்டி விழும்.

இழுவண்டியின் அடித்தட்டு ஹிட்ச் தட்டைவிட அரை அங்குலம், ஓர் அங்குலம் தாழ்வா இருக்கணும். பிக்கப் பின்னால் வரும்போது சரிவில் ஏறி உட்காரும். உயரமா வைத்துவிட்டுப் பின்னால் வந்தால், தாடை ஆணியின் கழுத்தைப் பிடிக்காமல் கீழ்த் தடிப்பில் பிடிக்கும். கைப்பிடி மூடின மாதிரியே தெரியும். நாலடி நகர்ந்ததும் கழன்று தொட்டியின் பக்கச்சுவரில் விழும். அதனால் டார்ச் அடித்து இரண்டு தட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரியுதா என்று குனிந்து பார்க்கணும். தெரியக்கூடாது.

அப்புறம் இழுத்துப் பார்க்கணும். சக்கரத்துக்குக் கட்டை, ஊன்றுகால் தரையை விட்டு எடுக்காமல், இழுவண்டி பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பிக்கப்பை மெதுவா முன்னே. அசையலை என்றால் சரி. பிரேக்கவே கம்பியை (இழுவண்டி கழன்றால் அதன் பிரேக்கைத் தானே பிடிக்கவைக்கும் கம்பி) ஹிட்சிலேயே கட்டாதீங்க. ஹிட்சே பெயர்ந்தால் கம்பியும் கூடவே போகும், பிரேக் பிடிக்காது. பிக்கப் உடம்பில் கட்டணும்.

வே., டாலஸ்

ம. அண்ணன் சொன்னது அத்தனையும் அப்படியே போகட்டும். கூடவே இவை.

கையால் நகர்த்தும் வகையில் மறதிதான் எதிரி. நிறுத்துமிடம் வந்ததும் நேர்கோட்டில் நின்று, நெம்புகோலை விடுவித்து, இழுவண்டி பிரேக்கைப் பிடித்தபடி பிக்கப்பை முன்னே எடுத்தால் தட்டு பின்னுக்குப் போகும். கடைசியில் பொருந்திவிட்டதா என்று இறங்கிப் பார்க்கவேண்டும். சாலைக்குத் திரும்புமுன், அதேபோல் பிரேக்கைப் பிடித்தபடி பிக்கப்பைப் பின்னே எடுத்து, தட்டை முன்னிலைக்குக் கொண்டுவந்து பொருத்தவேண்டும். பின்னிலையிலேயே நெடுஞ்சாலை ஏறக்கூடாது.

தானே நகரும் வகையில் இந்த வேலை இல்லை. புல்ரைட் சூப்பர்கிளைடு போன்றவற்றில் வண்டி திரும்பும்போது தட்டு தானே பின்னுக்குப் போகும், நேரானதும் திரும்பி வரும். விலையும் எடையும் கூடுதல். ஆணிப்பெட்டியில் (இழுவண்டி மூக்கின் அடியில் கிங்பின்னைத் தாங்கும் கூடு) ஒரு பிடிதகடு மாட்டவேண்டும். அது இல்லாமல் வேலை செய்யாது. மூன்றாவது வழி ஆணிப்பெட்டியையே மாற்றுவது. ரீஸ் சைட்விண்டரில் திரும்பும் புள்ளி ஆணிக்குப் பின்னால் 22 அங்குலம் போய்விடும், நகராத ஹிட்சே போதும். தட்டின் வாயில் ஆப்பு செருகி ஆணி திரும்பாமல் பிடிக்கவேண்டும். இதையும் தானே நகரும் ஹிட்சையும் சேர்த்து மாட்டக்கூடாது, இரண்டும் ஒன்றையொன்று மல்லுக்கட்டும்.

எல்லா வகையிலும் இழுவண்டி மூக்கின் அடிக்கும் தொட்டியின் பக்கச்சுவருக்கும் நடுவே ஐந்தரை, ஆறு அங்குலம் இடைவெளி வேண்டும். இதற்காக மூக்கை ஏற்றினால் வண்டி பின்பக்கம் சாய்ந்து பின் அச்சு டயரில் எடை கூடும்.

சொல்லைப் பொறுத்தவரை நான் ஏந்துதட்டுக்கு. தட்டு மட்டும் ஏந்துதட்டு. முழுக் கருவிக்கு ஃபிஃப்த்வீல் ஹிட்ச் என்றே விடுங்கள். கடையில் போய் அதைத்தான் கேட்கப்போகிறார்கள்.

ச., ஸ்கார்பரோ

அப்ப கருவிக்குத் தமிழே இல்லையா? தட்டுக்கு மட்டும் தமிழ் வைத்துவிட்டுக் கருவியை அந்நியமா விடுவது எந்த நியாயம்?

இரா.கு., மதுரை

தோழர் ச. சொல்வதை வழிமொழிகிறேன். கொளுவியோ பூட்டோ, ஏதாவது ஒன்று வேண்டும்.

செ.வ., ஹூஸ்டன்

அன்பர்களே, நாளை அச்சு. இப்படி முடித்திருக்கிறேன்: முன்பாரம் – இதில் மட்டும்தான் எல்லாரும் ஒத்துப்போனீர்கள். தட்டு ஏந்துதட்டு. ஸ்லைடர் நகர்தட்டு, அதில் கைவகை, தானியங்கு வகை. ஆணி கிங்பின். பகலாணியை முதல் பக்கச் சொல்விளக்கத்தில் ஒரு வரியாகச் சேர்த்தேன். கருவிக்கு முதல் தடவை 'ஃபிஃப்த்வீல் ஹிட்ச் என்னும் கொளுவி', பிறகு கொளுவி. ஐந்தாம் சக்கரம் எங்கும் இல்லை.

இரா.கு., மதுரை

கிங்பின்னுக்கு என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். முன் அச்சு ஆணிக்கு 'திருப்புமுளை' என்று வைத்திருந்தால் ம. சொன்ன குழப்பமே எழாது. இரண்டாம் பதிப்பில் பார்ப்போம்.

ம., சங்ககிரி

டெயில்கேட்டுக்கு, அதான் பிக்கப் தொட்டியின் பின்பலகைக்கு, என்ன போட்டீங்க? பின்னால் வரும்போது அதை இறக்கி வைக்கணும், இல்லை என்றால் ஆணிப்பெட்டி இடித்து நசுக்கிடும். 'பின்கதவு' என்று போட்டால் இழுவண்டியின் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு வருவாங்க.