ஸ்பின்-ஆஃப் என்று எதைச் சொல்வது?

அட்டவணைக்காரர்:
டிவி தொடர்களைத் தொகுத்து ஓர் அட்டவணை போடுகிறேன். 'எதிலிருந்து பிரிந்தது' என்ற கட்டத்தில்தான் சிக்கல். 'பெட்டர் கால் சால்' ஸ்பின்-ஆஃபா (வேறொரு தொடரிலிருந்து கிளைத்த தனித்தொடரா), முன்கதையா? அமெரிக்க 'தி ஆஃபீஸ்' பிரிட்டிஷ் தொடரிலிருந்து வந்தது, அதையும் சேர்க்கலாமா? பழைய தொடரின் பாத்திரம் ஒன்று புதியதில் தலைகாட்டினாலே போதுமா?

மூன்றாம்சீசன்:
இரண்டு விஷயம் பாருங்கள். புதிய தொடரைத் தாங்கும் ஆளோ இடமோ பழைய தொடரில் முதலில் திரைக்கு வந்ததா? அங்கே நடந்தவை இங்கேயும் நடந்ததாகக் கணக்கா? இரண்டும் சரி என்றால் ஸ்பின்-ஆஃப்தான். முன்கதை என்பது கதை நடக்கும் காலத்தைச் சொல்வது, ஸ்பின்-ஆஃப் என்பது தொடர் எங்கே பிறந்தது என்பதை. சால் குட்மேன் 2009-இல் 'பிரேக்கிங் பேட்' இரண்டாம் சீசனில் வந்தார், 2015-இல் அவருக்கு 'பெட்டர் கால் சால்' என்ற தனித்தொடர். இரண்டு கட்டத்திலும் டிக் போடுங்கள்.

'தி ஆஃபீஸ்' ரீமேக். 2001-இல் வந்த அதே சூழலை 2005-இல் வேறு ஆட்களை வைத்து முதலிலிருந்து சொன்னார்கள்.

பழையடேப்:
2011-இல் பிரிட்டிஷ் தொடரின் நாயகன் டேவிட் பிரென்ட் அமெரிக்க 'ஆஃபீஸில்' வந்து போனாரே?

மூன்றாம்சீசன்:
நல்ல கேள்வி. அதற்குள் அந்தத் தொடர் ஏழாவது சீசனுக்கு வந்துவிட்டது. பின்னால் வந்த கௌரவத் தோற்றம் பிறப்பை மாற்றாது. ஜான் மன்ச் இதைவிடக் கடினமான உதாரணம். 'ஹோமிசைட்' தொடரின் துப்பறிவாளர் பாத்திரம் இவர்; அது முடிந்ததும் 1999-இல் 'ஸ்பெஷல் விக்டிம்ஸ் யூனிட்' தொடரில் நிரந்தரப் பாத்திரமாகவே சேர்ந்தார். ஆனாலும் அது 'லா அண்ட் ஆர்டரின்' ஸ்பின்-ஆஃப்தான். மன்ச் அந்தக் குழுவில் ஒருவர், அவ்வளவே. அவரை எடுத்துவிட்டாலும் தொடர் நிற்கும். 'சியர்ஸ்' தொடரிலிருந்து பிரிந்த 'ஃப்ரேசியரில்' ஃப்ரேசியரை எடுத்துப் பாருங்கள், எதுவும் மிஞ்சாது.

பழையடேப்:
கதைத் தொடர்ச்சியில் சின்ன முரண் இருந்தால் உடனே பட்டியலிலிருந்து தூக்காதீர்கள். 'சியர்ஸில்' தன் அப்பா இறந்துவிட்டதாக ஃப்ரேசியர் சொல்லியிருப்பார். 1993-இல் தனித்தொடர் தொடங்கும்போது அப்பா உயிரோடு அவர் வீட்டிலேயே குடியேறுகிறார். இரண்டாம் சீசனில் 'சியர்ஸின்' சாம் வரும் எபிசோடில் இதைக் கேட்கிறார்கள். அப்பாவோடு சண்டை, கோபத்தில் அப்படிச் சொன்னேன் என்கிறார். பழைய வசனத்தை அழிக்காமல் பொய்யாக்கிவிட்டார்கள். தொடர்ச்சியை மதிக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஒளிபரப்புநாள்:
அட்டவணையில் ஒளிபரப்புத் தேதியும் குறித்துவையுங்கள். சிலவற்றின் பைலட் (தொடருக்கு முன் எடுக்கும் சோதனை எபிசோட்) தாய்த்தொடருக்குள்ளேயே ஒளிந்திருக்கும். 'என்சிஐஎஸ்' ஆட்கள் 2003 ஏப்ரலில் 'ஜேக்' தொடரின் எட்டாம் சீசனில் இரண்டு எபிசோடுகளில் வந்தார்கள், செப்டம்பரில் தனித்தொடர். அடையாளம் எளிது: வழக்கமான நாயகர்கள் ஒதுங்கி நிற்பார்கள், அறிமுகமில்லாத ஐந்தாறு பேர் முழு எபிசோடையும் எடுத்துக்கொள்வார்கள். அதனாலேயே பல தோற்கின்றன. தன் ஆட்களைப் பார்க்க வந்த ரசிகருக்கு அது இடையூறாகத் தெரியும். அமெரிக்க 'ஆஃபீஸின்' ட்வைட் என்ற பாத்திரத்தை வைத்து எடுத்த பைலட்டைச் சேனல் ஏற்கவில்லை, 2013-இல் சாதாரண எபிசோடாக ஒளிபரப்பானது. அது போன்றவற்றுக்குத் தனித்தொடர் வரிசை தேவையில்லை, தாய்த்தொடரின் எபிசோட் குறிப்பில் எழுதினால் போதும்.