120 மிமீ ஃபேன் மாட்டியும் சர்வர் விட்டு விட்டு இரைகிறது: உதவி தேவை

கேள்வி:
வீட்டில் 4யூ (சுமார் 18 செ.மீ. உயரப் பெட்டி) ரேக் சர்வர் ஒன்று ஓடுகிறது. நடுவில் இருந்த மூன்று 80 மிமீ ஃபேன்களின் இரைச்சல் பக்கத்து அறை வரை கேட்டது. அந்தச் சட்டத்தைக் கழற்றிவிட்டு, மூன்று 120 மிமீ ஃபேன் பிடிக்கும் சட்டம் மாட்டினேன். எல்லாம் போர்டே வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய நாலு பின் பிடபிள்யூஎம் வகைதான். முதலில் அமைதியாகச் சுற்றுகிறது. சில நொடிகளில் மூன்றும் முழு வேகத்துக்கு எகிறி, இறங்கி, மறுபடி எகிறுகின்றன. ஓயவே இல்லை. பிராசசர் சூடு 40 டிகிரிகூடத் தாண்டவில்லை. பழுது ஃபேனிலா, போர்டிலா?

பதில் 1:
இரண்டிலும் இல்லை. இது போர்டில் இருந்தபடி சர்வரைக் கண்காணிக்கும் பிஎம்சி சிப்பின் வேலை. அது பதறுவது சூட்டைப் பார்த்து அல்ல, ஃபேன் வேகத்தைப் பார்த்து. சர்வர் ஃபேன் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றும் என்று எண்ணித்தான் கீழ்வரம்பு வைத்திருப்பார்கள். பெரிய ஃபேன் 500, 600 சுற்றில் நிதானமாக ஓடும். வரம்புக்குக் கீழே போனதும் ஃபேன் நின்றுவிட்டதாக முடிவுகட்டி, எல்லாவற்றையும் முழு வேகத்தில் விரட்டுகிறது. வேகம் ஏறியதும் சரியாகிவிட்டது என்று விட்டுவிடுகிறது. அப்புறம் மறுபடியும் அதே கதை.

பிஎம்சியோடு பேசும் ஐபிஎம்ஐடூல் என்ற மென்பொருளில் சென்சார் பட்டியலை எடுங்கள். ஒவ்வொரு ஃபேனுக்கும் மூன்று கீழ்வரம்புகள் இருக்கும். அவற்றை 100, 200, 300 என்று இறக்குங்கள். உங்கள் போர்டு அதற்கு இடம் தராவிட்டால், பயோஸில் ஃபேனின் குறைந்தபட்ச வேகத்தைக் கூட்டி வைப்பதுதான் வழி.

பதில் 2:
வரம்பு சரி, ஆனால் பிராசசர் சூட்டை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். பழைய ஃபேன் சும்மா இரையவில்லை. டிஸ்குகளின் இடுக்கு வழியாகக் காற்றை இழுக்க அழுத்தம் வேண்டும். ஒரே ஃபேனின் வேகம் பாதியானால் காற்று பாதியாகும், அழுத்தமோ கால்வாசிதான் மிஞ்சும். ஆகவே ஸ்டேடிக் பிரஷர் (தடையை மீறிக் காற்றைத் தள்ளும் அழுத்தம்) அதிகமுள்ள ரகமாகப் பாருங்கள். சட்டத்தின் ஓரங்களில் இடைவெளி இருந்தால் தள்ளிய காற்றே முன்பக்கம் திரும்பிவரும். ஃபோம் பட்டை வைத்து அடையுங்கள். டிஸ்குகளைப் போர்டோடு இணைக்கும் எச்பிஏ கார்டு இருக்கிறதா? அதில் ஃபேன் இல்லாமல், சூட்டை வெளியேற்றும் சின்ன உலோக ஹீட்சிங்க் மட்டும்தான் இருக்கும். பெட்டிக் காற்றை நம்பியே செய்த கார்டு அது.

கேள்வி கேட்டவர்:
வரம்பை இறக்கியதும் எகிறுவது நின்றது, நன்றி. ஓரங்களையும் அடைத்தேன். டிஸ்குகள் நன்றாக வேலை செய்யும்போதும் 41 டிகிரிதான். எச்பிஏ கார்டுக்கு நேராக ஒரு சின்ன ஃபேன் வைத்தாயிற்று. இப்போது பவர் சப்ளையின் சத்தம்தான் கொசு மாதிரி காதைக் குடைகிறது. அதைத் திறந்து அந்த 40 மிமீ ஃபேனையும் மாற்றலாமா?

பதில் 1:
வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் ஆளைத் தாக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். மெதுவான ஃபேன் போட்டால் சப்ளையே சூடேறிவிடும். 4யூ பெட்டிதானே, டெஸ்க்டாப் கணினியில் வரும் சாதாரண ஏடிஎக்ஸ் சப்ளை உள்ளே பொருந்துமா என்று அளந்து பாருங்கள். போர்டின் மின் இணைப்புகள் வழக்கமான 24 பின், 8 பின் வகைதானா என்பதை வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். ஒன்று பழுதானால் இன்னொன்று தாங்கும் இரட்டை சப்ளை வசதி இருந்தால், அது போய்விடும். வீட்டுக்கு அது பெரிய இழப்பில்லை.