கடலும் கப்பலும்: நகலெடுத்து ஆயில் பெயின்டிங் பழகிய அனுபவங்கள்

ஆயில் பெயின்டிங் பழக நான் எடுத்துக்கொண்டது, டச்சுக் கடல் ஓவியர் இளைய வில்லெம் வான் டி வெல்டே 1680 வாக்கில் தீட்டிய 'பீரங்கி வேட்டு'. அசல் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கிறது. பெரிய அளவுப் படத்தை அவர்களே தளத்தில் இலவசமாகத் தருகிறார்கள். கட்டம் போட்டு கான்வாஸில் ஏற்றினேன்.

காற்றே இல்லாத கடல் அது. கப்பல் பாய்கள் தொய்ந்து தொங்குகின்றன, பீரங்கிப் புகை மட்டும் திரண்டு நிற்கிறது. அலை இல்லாததால் சுலபம் என்று தோன்றும், ஆனால் அமைதியான தண்ணீர்தான் கடினம். அடிவானத்தில் கடலும் வானமும் கிட்டத்தட்ட ஒரே வெளிச்சத்தில் இருக்கும். நீலத்தை ஒரு பொட்டு கூட்டினாலும் தண்ணீர் சுவர் மாதிரி எழுந்து நின்றுவிடும்.

முதலில் பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பு வண்ணத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, வெளிச்சமும் நிழலும் மட்டும் போட்டேன். அம்பரில் மாங்கனீஸ் இருப்பதால் சீக்கிரம் காயும், அடிப்பூச்சுக்கு அதைவிட நல்லது கிடையாது. மேல் பூச்சுகளுக்குப் போகப் போக லின்சீட் ஆயிலை (ஆளி விதை எண்ணெய்) கூட்ட வேண்டும். இதை மாற்றிச் செய்தால் பின்னால் வெடிப்பு விடும். வானத்தை ஈரம் காய்வதற்குள் ஒரே மூச்சில் முடித்துவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகே கப்பலைத் தொட்டேன்.

அப்புறம் கயிறுகள்! கறுப்பை அப்படியே எடுத்து இழுத்தால் கம்பி வேலி போல இருக்கும். வானத்துக்குக் கலந்த நிறத்திலேயே கொஞ்சம் அம்பர் சேர்த்து இழுத்தபோதுதான் கயிறுகளுக்கு நடுவே காற்று வந்தது. நகலெடுத்ததில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் இதுதான்: அவர் தீட்டியது கப்பலை மட்டுமல்ல, கப்பலுக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் காற்றையும்.

இன்னொன்று. அவருடைய அப்பா, மூத்த வான் டி வெல்டே, கடற்படையோடு கடலுக்கே போய்ச் சண்டைகளைக் கோட்டோவியமாக்கியவர். 1672-73 குளிர்காலத்தில் அப்பாவும் மகனும் இங்கிலாந்துக்குப் போனார்கள். இரண்டாம் சார்லஸ் மன்னர் ஆளுக்கு ஆண்டுக்கு 100 பவுன் கொடுத்தார்: அப்பாவுக்கு வரைவதற்கு, மகனுக்கு அந்த வரைவுகளை வண்ணமாக்குவதற்கு. அவ்வளவு பெரிய கலைஞரும் இன்னொருவர் கோட்டைப் பின்பற்றித்தான் வேலை செய்தார் என்பது எனக்குப் பெரிய தெம்பு.

—

அருமை அண்ணா. நான் எடுத்தது ஆங்கில ஓவியர் டர்னரின் 'டெமரேர்'. டிராஃபல்கர் கடற்போரில் போரிட்ட, 98 பீரங்கிகள் கொண்ட அந்தக் கப்பலை 1838-ல் உடைப்பதற்காக இழுத்துப் போகும் காட்சி. பழைய கப்பலை வெளிறிய மெல்லிய பூச்சுகளாலும், அந்தி வானத்தைத் தடித்த வண்ணத்தாலும் கொண்டுவர வேண்டியிருந்தது. தடித்த இடம் மேலே தோல் கட்டி, உள்ளே வெகுநாள் ஈரமாகவே இருந்தது. பொறுமை பழகியது அங்கேதான்.

டர்னரும் உங்கள் ஆளின் வழி வந்தவர்தான். பிரிட்ஜ்வாட்டர் கோமகன் தன்னிடமிருந்த வான் டி வெல்டே ஓவியத்துக்கு ஜோடியாக ஒன்று கேட்டு, டர்னர் தீட்டிய புயல் கடல் 1801-ல் காட்சிக்கு வந்தது. சரி, கயிறு இழுக்கும்போது கை நடுங்காமல் இருக்க என்ன செய்தீர்கள்?

—

நன்றிம்மா. ரிக்கர் பிரஷ்தான், முடி நீளமாக இருக்கும். வண்ணத்தை மை பதத்துக்குத் தளர்த்திக்கொள்ளுங்கள். கான்வாஸுக்குக் குறுக்கே ஒரு குச்சியைச் சாய்த்து, மணிக்கட்டை அதன்மேல் வைத்து, விரலை அசைக்காமல் தோளிலிருந்து இழுங்கள். கோடு பாதியில் மங்கினால் மறுபடி அதன்மேல் போகாதீர்கள். மங்கிய கயிறு தூரத்தில் இருப்பதாகவே கண் எடுத்துக்கொள்ளும்.