கம்ப்யூட்டர்ல 15,000 ரூபாய்க்குள்ள எதை மாத்துறது?

மஞ்சக்குப்பம் தம்பி: ரைசன் 3 2200ஜி ப்ராசஸர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ராம் ஒரே ஸ்டிக், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்ல. ஆறு மாசம் சேர்த்த காசுண்ணா. கார்டா, ப்ராசஸரா?

புதுவைக்காரன்: முதல்ல இன்னொரு 8 ஜிபி போடு தம்பி. ப்ராசஸர் உள்ளேயே இருக்கிற வேகா 8 கிராஃபிக்ஸ், ராமைத்தான் பங்கு போட்டுக்குது; ரெண்டு ஸ்டிக் ஆனா வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். மிச்சத்துக்கு பழைய கார்டு. கரண்ட் குடுக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டி என்ன?

மஞ்சக்குப்பம் தம்பி: கேபினெட்டோட வந்தது, பேரே இல்ல.

தேவனாம்பட்டினத்தான்: அதை மாத்தாம கார்டு மாட்டாதப்பா! எனக்கு அது போனப்ப போர்டையும் சேர்த்துக் கொண்டுபோயிடுச்சு. பழைய கார்டுன்னா பின்பக்க ஸ்க்ரூவைப் பாரு, நம்ம உப்புக்காத்துல துரு முதல்ல அங்கதான் பிடிக்கும்.

புதுவைக்காரன்: ப்ராசஸர் அப்புறம். அதே போர்டுல ரைசன் 5 5600 உட்காரும். ஆனா பழசைக் கழட்டுறதுக்கு முன்னாடியே பயாஸ், அதான் போர்டுக்குள்ள இருக்கிற சாஃப்ட்வேர், அதை அப்டேட் பண்ணிடு.

மஞ்சக்குப்பம் தம்பி: சரிண்ணா, எஸ்எம்பிஎஸ்ஸும் ராமும் இந்த வாரமே.