கட்டணம் கட்டி ஓப்பன் ஆக்சஸில் போடலாமா?

கூழாங்கல்: என் ஆய்வுக் கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது. சந்தா இதழ்தான், ஆனால் பணம் கட்டினால் எல்லோருக்கும் திறந்துவிடுவார்களாம். மானியத்தில் தொகை இருக்கிறது, கட்டலாம் என்றே நினைக்கிறேன். சந்தா கட்ட வசதியில்லாத நூலகத்தை நம்பியிருப்பவரும் படிக்கட்டுமே.

ரிவியூவர்_2: கட்டாதீர்கள். எழுதியது நீங்கள், சரிபார்த்தது சம்பளமில்லாத நாங்கள். பதிப்பகத்துக்கு எதற்கு இவ்வளவு? நேச்சர் இதழ் 2021இல் ஒரு கட்டுரையைத் திறக்க வைத்த கட்டணம் 9,500 யூரோ. முன்பு படிப்பவனை வாசலில் நிறுத்தினார்கள், இப்போது எழுதுபவனை.

கூழாங்கல்: நேச்சரை வைத்து எல்லா இதழையும் எடை போடலாமா? ஏழை நாட்டு ஆய்வாளர்களுக்குக் கட்டண விலக்கு தரும் இதழ்களும் இருக்கின்றன.

ரிவியூவர்_2: ஒவ்வொரு முறையும் கையேந்தி வாங்கும் விலக்கு! சரி, நியூரோஇமேஜ் என்ற மூளை ஆய்வு இதழைப் பாருங்கள். கட்டணம் 3,450 டாலராக இருந்தது. குறைக்கச் சொல்லி ஆசிரியர் குழுவே கேட்டது, பதிப்பகமான எல்செவியர் மசியவில்லை. 2023இல் குழு மொத்தமாக விலகி, எம்ஐடி பிரஸ்ஸில் ‘இமேஜிங் நியூரோசயின்ஸ்’ என்று புது இதழ் தொடங்கியது. இன்னொன்று: கட்டுரைக்கு இவ்வளவு என்று காசு வந்தால் எண்ணிக்கையைக் கூட்டத்தான் தோன்றும். இப்படிக் கட்டணம் வாங்கிய ஹிந்தாவி பதிப்பகத்தின் இதழ்கள் 2023இல் மட்டும் 8,000க்கு மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றன.

கூழாங்கல்: சந்தா இதழ் மட்டும் சுத்தமா? தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை லான்செட் மருத்துவ இதழ் திரும்பப் பெற்றது 2010இல்.

நூலகப்பூனை: இரண்டு பேரும் நடுவில் இருக்கும் வழியை விட்டுவிட்டீர்கள். இது ஹைப்ரிட் இதழ். நூலகங்களிடம் சந்தாவும் வாங்கும், உங்களிடம் கட்டணமும் வாங்கும். மதிப்பீட்டாளர் சொன்ன திருத்தமெல்லாம் செய்த, பதிப்பகம் பக்கம் அமைக்காத கைப்பிரதி உங்களிடம் இருக்குமே, அதைப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் ஏற்றுங்கள். பைசா செலவில்லை.

கூழாங்கல்: பார்த்தேன். 12 மாதம் பொறுக்கச் சொல்கிறது இதழின் விதி. அதற்குள் என் துறையில் அந்த முடிவு பழசாகிவிடும்.

நூலகப்பூனை: ப்ரீபிரிண்ட், அதாவது மதிப்பீட்டுக்கு முந்தைய வடிவம், இணையத்தில் போட்டீர்களா? இயற்பியல்காரர்கள் 1991 முதல் ஆர்க்கைவ் (arXiv) என்ற இணையக் களஞ்சியத்தில் அதைத்தான் செய்கிறார்கள். மானியம் தந்தவரின் விதியையும் படியுங்கள். தாங்கள் பணம் தந்த ஆய்வு உடனே எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று மானியம் தருபவர்கள் சிலர் 2018இல் அறிவித்த பிளான் எஸ் திட்டத்தில் சேர்ந்தவர் என்றால், காத்திருப்பே கூடாது என்பார். ஹைப்ரிட் கட்டணத்துக்கும் பொதுவாகப் பணம் தரமாட்டார்.

கூழாங்கல்: ப்ரீபிரிண்ட் போடவில்லை, இணை ஆசிரியர் ஒருவர் வேண்டாம் என்றார். மானிய ஒப்பந்தத்தை எடுத்துப் பார்க்கிறேன்.

ரிவியூவர்_2: அதுவரை பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.