பல்கலைக்கழக வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை: அந்த முக்கால் கிலோமீட்டர் யாருடையது?

கேட்பவர்: ஜெராக்ஸ் கடை அக்கா

வணக்கம். டெல்டாவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு எதிரே 14 ஆண்டுகளாக ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். யார் மீதும் பழி போட இதை எழுதவில்லை. எனக்கு வழி தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் முக்கால் கிலோமீட்டர். நடுவில் பாசன வாய்க்கால், அதன் மேல் பழைய பாலம், கரை முழுக்கச் சீமைக் கருவேலம். வாசலுக்கு உள்ளே விடிய விடிய வெளிச்சம், கேமரா, காவலாளிகள். வெளியே நூறடி வந்துவிட்டால் கால் எங்கே படுகிறது என்றே தெரியாது.

நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று 2021இல் ஆனதிலிருந்து, நூலகம் மூடும்வரை இருந்து படித்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குப் போகும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகள். பலர் அவர்கள் வீட்டில் முதல் பட்டதாரிகள். எனக்கு அவர்களைப் பார்க்கவே அத்தனை சந்தோஷம். என் கடை டியூப்லைட்டுக்குக் கீழே நிற்பார்கள், நாலைந்து பேர் சேர்ந்ததும் ஒன்றாகப் புறப்படுவார்கள். வியாபாரம் ஏழு மணிக்கே முடிந்துவிடும். அவர்களுக்காகத்தான் எட்டரை வரை ஷட்டரை இறக்குவதில்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நல்ல மழை. ஒரு பெண் மட்டும் தனியாகப் போனாள். பத்து நிமிடத்தில் ஓடி வந்தாள், காலில் ஒற்றைச் செருப்பு. பாலத்தின் மேல் இரண்டு பேர் பைக்கைக் குறுக்கே நிறுத்தித் துப்பட்டாவைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். தண்ணீர் கொடுத்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், அப்படியும் தளும்பி மடியில் கொட்டியது. “வீட்டில் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் அக்கா” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் பெயரை நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

மறுநாள் கடையை மகளிடம் விட்டுவிட்டு மூன்று இடத்துக்குப் போனேன். பல்கலைக்கழகத்தில், வாசலுக்கு வெளியே நடப்பது எங்கள் பொறுப்பு இல்லை என்றார்கள். ஊராட்சியில், அது நெடுஞ்சாலைத் துறைச் சாலை என்றார்கள். காவல் நிலையத்தில், பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறு ஸ்டேஷன் எல்லை என்றார்கள்.

ஒவ்வொருவர் சொன்னதும் அவரவர் வரையில் சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளை நடந்து போன இடம் ஒருவருக்கும் சொந்தமில்லாத இடமாகிவிட்டதே! இந்த மூன்று பேரையும் ஒரு மேசையில் உட்கார வைக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: ஓய்வு பெற்ற ஊராட்சிச் செயலர், திருவாரூர் மாவட்டம்

அம்மா, “இருட்டாக இருக்கிறது” என்று எழுதிக் கொடுத்தால் அந்த மனு ஃபைலில் படுத்துவிடும். 30 ஆண்டு அந்த மேசைக்குப் பின்னால் இருந்தவன் சொல்கிறேன். ஒவ்வொரு மின்கம்பத்திலும் ஓர் எண் எழுதியிருக்கும். எந்த எண் கம்பத்தில் விளக்கு எரியவில்லை, எதில் விளக்கே இல்லை என்று பட்டியல் போடுங்கள். எண் இருந்தால் யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருந்தாலும் ஊராட்சிக்குள் தெருவிளக்குப் போடுவதும் மின் கட்டணம் கட்டுவதும் ஊராட்சி வேலைதான். கிராம சபை இப்போது ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கூட்டத்தில் பெண்கள் பத்துப் பேரோடு போய் இந்தப் பட்டியலைத் தீர்மானமாக ஏற்றுங்கள். தீர்மான நகலோடு திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். பல்கலைக்கழகம், காவல் துறை, நெடுஞ்சாலைத் துறை எல்லோரையும் ஒரே கடிதத்தில் கூப்பிடும் அதிகாரம் ஆட்சியருக்குத்தான் உண்டு. ஒப்புகைச் சீட்டை வாங்காமல் திரும்பாதீர்கள்.

பதில் 2: ஆய்வு மாணவி, சிதம்பரம்

அக்கா, உங்கள் ஷட்டர் கதையைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுத வரவில்லை. ஒரு பயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். இப்படி ஒரு பேச்சு எழுந்தால் முதலில் வரும் உத்தரவு “மாணவிகள் ஆறு மணிக்குள் வெளியேற வேண்டும்” என்பதுதான். விளக்குப் போடுவதற்குப் பணம் வேண்டும்; பிள்ளைகளை உள்ளே அடைப்பதற்கு ஒரு சுற்றறிக்கை போதும். அந்தப் பெண் பயந்ததும் அதற்குத்தானே?

அப்படி யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள். பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிமுறைகள், பாதுகாப்பைக் காரணம் காட்டி விடுதி மாணவிகளுக்கு மட்டும் பாகுபாடான கட்டுப்பாடு விதிக்கக் கூடாது என்கின்றன. மாணவிகள் நூலகத்திலும் ஆய்வகத்திலும் நேரம் கழித்து வேலை செய்ய நம்பகமான போக்குவரத்து ஏற்பாட்டைப் பரிசீலிக்கலாம் என்றும் சொல்கின்றன. ஆகவே நூலகம் மூடும் நேரத்தில் பல்கலைக்கழக வண்டி ஒன்று பஸ் நிறுத்தம்வரை போய்வர வேண்டும் என்று நீங்கள் கேட்பது நியாயமான கோரிக்கைதான்.

நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும் அவர்கள். ஒரு மாலை அந்தப் பாதையில் பதிவாளரையும் ஊராட்சித் தலைவரையும் கூட்டிக்கொண்டு நடக்கட்டும். பகலில் வேண்டாம், அந்தக் கடைசி பஸ் நேரத்தில்.

பதில் 3: மயிலாடுதுறைக்காரர், மகள் அமெரிக்காவில்

அங்கே இதற்குச் சட்டமே இருக்கிறது. 1986இல் பென்சில்வேனியாவில் லீஹை பல்கலைக்கழக விடுதி அறையில் ஒரு மாணவி கொல்லப்பட்டார். அவருடைய பெற்றோர் விடாமல் போராடியதால் 1990இல் கிளெரி சட்டம் வந்தது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆண்டுதோறும் அக்டோபர் 1க்குள் குற்றக் கணக்கை வெளியிட வேண்டும். வளாகத்துக்குள் நடப்பது மட்டுமில்லை, வளாகத்தை ஒட்டிய பொதுச் சாலை, நடைபாதையில் நடப்பதும் அந்தக் கணக்கில் வரும். அதற்காக உள்ளூர்ப் போலீசிடம் விவரம் கேட்டே ஆக வேண்டும். நம் ஊரில் அந்தச் சட்டம் இல்லை. ஆனாலும் “வாசலோடு முடிந்தது” என்ற பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

பதில் 4: ஓய்வு பெற்ற தலைமைக் காவலர், தஞ்சாவூர்

தங்கைக்கு வணக்கம். எல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியது தவறு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். பிறகு உரிய நிலையத்துக்கு அவர்கள் அனுப்பிக்கொள்வார்கள். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181. இரண்டையும் கடைக் கண்ணாடியில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்டபோது நான் பணியில் இருந்தேன். மறு ஆண்டே ராகிங் தடைச் சட்டம் வந்தது. அதன் பிறகுதான் விடுதிக்குள் நடப்பது காவல் துறையின் வேலையும்கூட என்று எங்களுக்கு உறைத்தது. வெளியே நடப்பது பல்கலைக்கழகத்தின் வேலையும்கூட என்று அவர்களுக்கும் உறைக்க வேண்டும்.

இன்னொன்று. அந்தக் கூட்டம் நடந்தால் தண்ணீரைப் பற்றியும் பேசுங்கள். மேட்டூர் திறந்து ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் வந்ததும் வெளியூர் மாணவர்கள் குளிக்க இறங்குகிறார்கள். கல்லணைக் கால்வாயில் சிமென்ட் போட்ட சரிவு பாசியேறி வழுக்கும். விழுந்தவனுக்குப் பிடித்து ஏற ஒரு புல் கிடைக்காது. கரையில் நின்று கதறிய நண்பர்களை நான் பார்த்திருக்கிறேன். எந்தப் படித்துறையில் இறங்கலாம், எங்கே சுழி என்று நம் ஊர்க் கிழவருக்கும் தெரியும். முதலாண்டு மாணவன் சேரும் நாளிலேயே அதை யாராவது சொல்ல வேண்டாமா?

கேட்டவர் மீண்டும்: ஜெராக்ஸ் கடை அக்கா

எல்லோருக்கும் நன்றி. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு படித்துறை இருக்கிறது, தண்ணீர் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. மனுவில் சேர்த்துவிடுகிறேன். 112, 181 இரண்டையும் கணினியில் பெரிதாக அடித்து ஒட்டிவிட்டேன்.

நேற்று இரவு கடையைச் சாத்திவிட்டு நானும் மகளும் டார்ச் எடுத்துக்கொண்டு நடந்தோம். மொத்தம் 17 கம்பம். எரிவது 5. விளக்கே இல்லாதது 8. மீதி 4இல் விளக்கு இருக்கிறது, எரியவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நின்ற பிள்ளைகள் என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டார்கள். சொன்னதும் ஆறு பேர் கையெழுத்துப் போடுகிறோம் என்றார்கள். அந்தப் பெண்ணும் இருந்தாள்.

16 எண்கள் கிடைத்துவிட்டன. பாலத்தை ஒட்டிய கம்பத்தில் மட்டும் எண் மேல் சுவரொட்டி ஒட்டியிருக்கிறது. காலையில் ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய் ஊறவைத்துக் கிழித்துப் பார்க்க வேண்டும்.